பேச்சை ஒதுக்கிவைத்து அறிவை அளத்தல்

பத்து வயதுப் பையன் ஒருவனின் பழைய மதிப்பீட்டு அறிக்கை ஒருமுறை என் மேசைக்கு வந்தது. தேவிகுளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் பையன். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாள மீடியம். அவனிடம் மலையாளத்தில் கேட்ட கேள்விகளில் ஒன்று, “கை முறிஞ்ஞால் எந்து செய்யும்?” கையில் வெட்டுக்காயம் பட்டால் என்ன செய்வாய் என்று அதற்குப் பொருள். கழுவி மருந்து போடுவேன் என்றால் மதிப்பெண் உண்டு. பையன் சொன்னதை மதிப்பீட்டாளர் அப்படியே குறித்திருந்தார்: “மாவுக்கட்டு போடணும், மூணு மாசம் வேலைக்குப் போகக்கூடாது.” எதிரே பூஜ்யம்.

தமிழில் முறிந்தால் எலும்புதான் முறியும். எலும்பு முறிந்தவருக்கு அவன் சொன்ன பதிலில் ஒரு குறையும் இல்லை. லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில், யாரோ வழுக்கி விழுந்து மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் கிடந்ததைப் பார்த்தவன் அவன். அறிக்கையின் கடைசி வரியோ அவனை அறிவுத்திறன் குறைந்தவன் என்றது. அப்படி ஒரு பூஜ்யம் இனி எந்தப் பிள்ளைக்கும் விழக்கூடாது என்பதற்காகத்தான் இந்த அத்தியாயம்.

நம் எல்லைப் பகுதிகளில் இது ஒரு பையனோடு நிற்கிற கதை இல்லை. பாலக்காட்டில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி. இடுக்கியில் மூணாறு, மறையூர், வட்டவடை, பீர்மேடு, வண்டிப்பெரியார். இங்கெல்லாம் வீட்டுமொழி தமிழாகவும் அலுவல்மொழி மலையாளமாகவும் இருக்கிறது. இரண்டும் அக்கா தங்கை போல இருப்பதே சிக்கல். ‘வெள்ளம்’ என்றால் ஒரு பக்கம் குடிக்கும் தண்ணீர், மறுபக்கம் ஊரை அடித்துப்போவது. ‘அவசரம்’ அங்கே வாய்ப்பு, இங்கே பதற்றம். முற்றிலும் அந்நியமான மொழியில் கேட்டால் பிள்ளை புரியவில்லை என்று விழிக்கும், நாமும் சுதாரித்துக்கொள்வோம். பாதி புரிகிற மொழியில் கேட்டால் தவறான கேள்விக்குச் சரியான பதில் வரும். அதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அட்டப்பாடியின் இருளர், முடுகர், குறும்பர் பிள்ளைகளுக்கும், 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைந்த இடமலக்குடியின் முதுவர் பிள்ளைகளுக்கும் வீட்டுமொழி தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. போதாததற்கு ஏலத்தோட்டங்களுக்கும் தேயிலைக்கும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லா மொழிக்கும் ஒரு வினாத்தாள் தயாரிக்க யாராலும் முடியாது. பேச்சை ஒதுக்கிவைத்து யோசனையை மட்டும் பார்க்கிற வழி நமக்குத் தேவைப்படுவது இதனால்தான்.

இந்த வழி வளர்ந்ததும் பல மொழிகள் வந்து இறங்கிய ஓர் இடத்தில்தான். நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் குடியேறிகளைப் பரிசோதித்த மருத்துவர் ஹோவர்ட் நாக்ஸ், 1914-இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். நான்கு மரக்கட்டைகள் வரிசையாக இருக்கும். ஐந்தாவது கட்டையால் அவற்றை ஒரு வரிசையில் தட்டிக் காட்டுவார். எதிரே இருப்பவர் அதே வரிசையில் தட்ட வேண்டும். ஒரு சொல்லும் தேவையில்லை. மூன்று ஆண்டு கழித்து, 1917-இல், அமெரிக்க ராணுவம் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ‘பீட்டா’ என்ற சோதனையைக் கொண்டுவந்தது. கட்டளைகள் எல்லாம் சைகையில்தான். ஆனால் அதில் விடுபட்டதைக் கண்டுபிடிக்கச் சொன்ன படங்களில் ஒன்று டென்னிஸ் மைதானம், விடுபட்டது நடுவலை. டென்னிஸையே பார்த்திராத விவசாயக் கூலி அதில் தோற்றுப்போனான். வாயை மூடிக்கொண்டால் மட்டும் சோதனை நியாயமாகிவிடாது என்பது நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கையில் இருக்கும் கருவிகள்

ஒரு தெளிவு முதலில் வேண்டும். சோதனைப் பொருள் கட்டையாகவோ படமாகவோ இருப்பது வேறு, சோதனை முழுக்கவே மொழியில்லாமல் நடப்பது வேறு. நம் நாட்டில் பெரிதும் புழங்கும் மாலின் அளவுகோல் 1969-இல் நாக்பூரில் ஆர்தர் மாலின் இந்தியப் பிள்ளைகளுக்காக ஆக்கியது. அதில் 6 பகுதிகள் சொல் சார்ந்தவை, 5 பகுதிகள் செயல் சார்ந்தவை. செயல் பகுதியில் பிள்ளை பேச வேண்டியதில்லை. ஆனால் நாம் பேசியாக வேண்டும், விளக்கம் வாய்மொழியாகத்தான் போகிறது. சி. எம். பாட்டியாவின் தொகுதி (1955) படிக்காத பிள்ளைகளையும் கணக்கில் எடுத்து உருவானது. அதிலும் ஐந்தில் ஒரு பகுதி ஒலிகளைக் கேட்டு நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்வது. அது காதையும் நாக்கையும் நம்பியிருக்கிறது. ‘செயல் ஈவு எடுத்துவிட்டேன், மொழிப் பிரச்சினை தீர்ந்தது’ என்று நினைத்துவிடாதீர்கள்.

மொழியைக் கிட்டத்தட்ட முழுக்கவே ஒதுக்கக்கூடியவை இரண்டு, நம் பகுதி மையங்களில் பெரும்பாலும் கிடைக்கும். ஒன்று செகின் ஃபார்ம் போர்டு. மற்றது ஜான் ரேவன் ஆக்கிய மேட்ரிசஸ். 1938-இல் வந்த 60 படங்கள் கொண்ட பொதுப் படிவம், 1947-இல் சின்னப் பிள்ளைகளுக்காக வந்த 36 படங்கள் கொண்ட வண்ணப் படிவம். இவற்றை வைத்து ஐ.க்யூ. கணக்கிட்டு அறிக்கை எழுதும் தகுதி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற உளவியலாளருக்கே உண்டு. ரிசோர்ஸ் டீச்சர்கள் செய்வது முதல்நிலைக் கண்டறிதல். ஆனால் பிள்ளையை நன்றாக அறிந்தவர் டீச்சர்தான். சோதனை நடக்கும்போது உடனிருந்து, நடந்தது முறையாக நடந்ததா என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அசல் படங்களை நகலெடுத்து வகுப்பில் பழக்கிவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பழகிய படத்தில் வந்த மதிப்பெண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. உண்மையிலேயே உதவி தேவைப்படும் பிள்ளை அந்தப் பொய் மதிப்பெண்ணால் சலுகையை இழந்துவிடும்.

பிள்ளை வந்து உட்காரும் முன்பு

கண்ணும் காதும் முதலில். கண்ணாடி தேவைப்படும் பிள்ளைக்கு ரேவன் படம் வைப்பதும், காது மந்தமான பிள்ளையிடம் கதை கேட்பதும் ஒன்றுதான். நிறக்குருடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், ஆண்பிள்ளைகளில் அது அபூர்வமில்லை.

அடுத்தது வயிறு. மலைப்பாதையில் ஜீப்பில் வந்த பிள்ளைக்குக் குமட்டல் அடங்க அரைமணி நேரமாவது வேண்டும். காலையில் வெறும் கட்டஞ்சாயாவோடு வந்திருக்கும். சாப்பிட வைத்துவிட்டுத் தொடங்குங்கள். சித்தூர்ப் பக்கம் மார்ச், ஏப்ரல் வெயிலில் மதியத்துக்கு மேல் எந்தச் சோதனையும் வைக்காதீர்கள். மூணாறில் சிக்கல் வேறு: ஜூன் தொடங்கிவிட்டால் தகரக் கூரையில் விழும் மழையில் நாம் பேசுவது நமக்கே கேட்காது. சொற்சாராச் சோதனைக்கு அந்த மழை தடையே இல்லை என்பதை நான் வேலையில்தான் கற்றேன். ஆனால் வெளிச்சம் வேண்டும். மின்சாரம் போனால் நிறுத்திவிடுங்கள். டார்ச் அடித்துக்கொண்டு தொடர வேண்டாம்.

பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளையை மட்டும் தனியாக அறைக்குள் கூப்பிடாதீர்கள். பாட்டியோ அண்ணனோ பின்னால் உட்காரட்டும். அவர்கள் பிள்ளைக்கு நேர் எதிரே இருக்கக்கூடாது, அவ்வளவுதான். இருந்தால் பிள்ளை அவர்கள் முகத்தைப் பார்த்து விடை தேடும்.

பிறகு கை பழக வேண்டும். புளியங்கொட்டை, ஏலத்தோல், தீக்குச்சி போதும். நான் இரண்டு கொட்டை, ஒரு குச்சி, இரண்டு கொட்டை, ஒரு குச்சி என்று வைப்பேன். அடுத்து இரண்டு கொட்டை வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வேன், பிள்ளையைப் பார்ப்பேன். ஒன்றும் பேச மாட்டேன். சில பிள்ளைகள் உடனே குச்சி வைக்கும். சில பிள்ளைகள் நான் வைத்ததையே கலைத்து அடுக்கும். இன்னும் சில, கையை மடியிலிருந்து எடுக்கவே எடுக்காது. மூன்றாவது வகைப் பிள்ளைக்குச் சோதனையை அன்று தொடங்கவே மாட்டேன். விளையாட்டு என்ன என்று பிள்ளைக்குப் பிடிபட வேண்டும்: இங்கே ஓர் ஒழுங்கு இருக்கிறது, அதை நீ முடிக்க வேண்டும். நகரத்துப் பிள்ளைக்கு எல்.கே.ஜி.யிலேயே பயிற்சிப் புத்தகங்கள் இதைச் சொல்லிக்கொடுத்துவிடுகின்றன. லயத்துப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் பழக்கத்தைக் கொடுக்காமல் அளந்தால் நாம் அளப்பது பயிற்சிப் புத்தகத்தைத்தான்.

சைகையில் ஒரு கண்ணி இருக்கிறது. பிராக்கனும் மெக்காலமும் 1998-இல் வெளியிட்ட ‘யூனிட்’ என்ற சோதனை 8 சைகைகளை வரையறுத்து, அவற்றை மட்டுமே பயன்படுத்தச் சொல்கிறது. அவற்றில் தலையசைப்பும் உண்டு. நம் ஊரில் ‘சரி’ என்பதற்கே தலையைப் பக்கவாட்டில் ஆட்டுகிறோம். வடக்கிலிருந்து வந்த பிள்ளைக்கு அது ‘இல்லை’ என்று படலாம். என் வழி, தலையை ஆட்டுவதே இல்லை. பழக்கும்போது உள்ளங்கையை விரித்துக் காட்டினால் ‘நீ செய்’, கையைத் தட்டையாக வைத்தால் ‘நிறுத்து’. இரண்டே சைகை. புன்னகை எல்லா விடைக்கும் ஒரே அளவு இருக்கட்டும். சரியான விடைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தால் பிள்ளை படத்தை விட்டு நம் முகத்தைப் படிக்கத் தொடங்கிவிடும்.

சோதனையின்போது

ஃபார்ம் போர்டில் பத்து மரவடிவங்கள் இருக்கும். வட்டம், சதுரம், முக்கோணம், நட்சத்திரம், சிலுவை என்று. மூன்று அடுக்காக வைத்து, அவற்றின் குழிகளில் முடிந்த அளவு வேகமாகப் பொருத்தச் செய்கிறோம். மூன்று முறை. மிகக் குறைந்த நேரமே கணக்குக்கு. நேரத்தைக் குறித்துவிட்டு நோட்டை மூடிவிடாதீர்கள். அறுகோணத்தை எடுத்து நீள்வட்டக் குழியில் வைத்து அழுத்தும் பிள்ளையைக் கவனியுங்கள். அழுத்திக்கொண்டே இருக்கிறதா, திருப்பிப் பார்க்கிறதா, கையில் வைத்துக்கொண்டே கண்ணால் குழியைத் தேடுகிறதா? முதல் முறை 60 நொடி எடுத்த பிள்ளை மூன்றாம் முறை 35 நொடியில் முடித்தால், கற்கிற வேகம் உங்கள் கண்முன்னே நடந்திருக்கிறது. ஒற்றை எண் அதைச் சொல்லாது. மூன்று நேரத்தையும் அறிக்கையில் எழுதுங்கள்.

ரேவன் வண்ணப் படிவத்தில் ஒரு கோலத்தில் ஒரு துண்டு வெட்டப்பட்டிருக்கும். கீழே 6 துண்டுகள். பொருந்துவதைத் தொட வேண்டும். நேரக் கட்டுப்பாடு இல்லை. இங்கே நான் அடிக்கடி பார்க்கும் ஒன்றைச் சொல்கிறேன். சில பிள்ளைகள் கீழே உள்ள துண்டைத் தொடாமல், மேலே வெட்டுப்பட்ட வெற்றிடத்தையே தொடும். ‘இங்கேதான் குறை’ என்று காட்டுகிறது. அது தவறில்லை, கேள்வி இன்னும் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். முதல் படத்தில் பொருந்தும் துண்டு வெற்றிடத்துக்கு நகர்வதை விரலால் காட்டி, வேறு துண்டு பொருந்தாததையும் காட்டி, மறுபடி தொடங்குங்கள். இன்னொரு வகை, எல்லாப் படத்துக்கும் ஒரே இடத்தில் உள்ள துண்டைத் தொடுவது. அந்தத் தாளுக்கு மதிப்பெண் போடாமல் இன்னொரு நாள் பாருங்கள். வெற்றிடத்துக்கு அடுத்து இருக்கும் உருவத்தையே மறுபடி தேர்ந்தெடுப்பது மூன்றாம் வகை. அது உண்மையான பிழை. ஒழுங்கு பிடிபடவில்லை என்று காட்டும், எண்ணிக்கையோடு குறித்து வையுங்கள்.

காகிதமும் ஒரு மொழிதான். ராபர்ட் செர்ப்பெல் 1979-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இந்த வேலையில் பெரிய பாடம். ஜாம்பியப் பிள்ளைகளையும் ஆங்கிலேயப் பிள்ளைகளையும் ஒரே உருவங்களைப் பார்த்துச் செய்யச் சொன்னார். பேனாவும் தாளும் கொடுத்தபோது ஆங்கிலேயப் பிள்ளைகள் முந்தினார்கள். கம்பியை வளைத்துச் செய்யச் சொன்னபோது, கம்பியில் வண்டி செய்து விளையாடிப் பழகிய ஜாம்பியப் பிள்ளைகள் முந்தினார்கள். களிமண்ணில் இரு பக்கமும் சமம். வாசலில் பதினைந்து புள்ளிக் கோலத்தைக் கையெடுக்காமல் இழுத்துவிடும் லயத்துச் சிறுமி தாளில் பென்சிலால் ஒரு சாய்சதுரம் வரையத் திணறுவதை நான் பார்த்திருக்கிறேன். தாள் சோதனையில் குறைந்தவளைக் கோலமாவோடு வாசலில் உட்கார வையுங்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது, அறிக்கையில் ஒரு பத்தி மட்டும். அந்தப் பத்தி படிக்கிறவரை யோசிக்க வைக்கும். ஆடுபுலி ஆட்டம் தெரிந்த பையனிடம் ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள். மூன்று நகர்த்தல் முன்னால் யோசிக்கிறவன் ‘திட்டமிடத் தெரியாதவன்’ ஆக முடியாது.

எண் வந்த பிறகு

ஓர் எண்ணை ஒற்றை எண்ணாக எழுதாதீர்கள். நம்பகம் 0.90 உள்ள நல்ல சோதனையில்கூட, அளவுப் பிழை கிட்டத்தட்ட 5 புள்ளி. 92 என்று வந்தால், இரு பக்கமும் அந்தப் பிழையைப்போல் கிட்டத்தட்ட இருமடங்கு இடம் விட்டு, ஏறக்குறைய 83-க்கும் 101-க்கும் இடையில் எங்கோ என்பதே நேர்மையான வாக்கியம். அதோடு ஒப்பீட்டு அட்டவணையின் வயதையும் பாருங்கள். ஆய்வாளர் ஜேம்ஸ் ஃப்ளின் காட்டியபடி தலைமுறைக்குத் தலைமுறை மதிப்பெண் ஏறிவந்திருக்கிறது, ரேவன் போன்ற சோதனைகளில் இன்னும் வேகமாக. பழைய அட்டவணை இன்றைய பிள்ளையை உயர்த்திக் காட்டும். பழக்கமின்மை தாழ்த்திக் காட்டும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்தப் பிள்ளையிடம் எது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. எந்த அட்டவணை, எந்த ஆண்டு என்று எழுதிவிடுங்கள்.

இந்த எண் ஏன் இவ்வளவு முக்கியம்? 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. 2018-இல் வந்த மதிப்பீட்டு வழிகாட்டுதல் முதலில் ஐ.க்யூ. பார்க்கச் சொன்னது, 85-க்கு மேல் இருந்தால்தான் கற்றல் குறைபாட்டுச் சோதனைக்கே போக முடிந்தது. படிப்பதில் மட்டும் சிக்கல் உள்ள புத்திசாலிப் பிள்ளை, மொழி புரியாமல் 82 வாங்கினால் அந்தக் கதவு மூடிவிடும். 70-க்குக் கீழே விழுந்தால் வேறு கதவு திறக்கும், அது அந்தப் பிள்ளைக்கு உரியதில்லை. கலிஃபோர்னியாவில் இதே கதை 1970-இல் நீதிமன்றம் வரை போனது. டயானா வழக்கு என்பார்கள். ஸ்பானிய வீட்டுப் பிள்ளைகள் ஒன்பது பேரை ஆங்கிலத்தில் சோதித்து அறிவுக்குறை வகுப்பில் போட்டிருந்தார்கள். வீட்டுமொழியில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு உரியவர்களே இல்லை. அதன் பிறகுதான் வீட்டுமொழியில் சோதிக்க வேண்டும், மொழி தேவைப்படாத பகுதிகளையும் பார்க்க வேண்டும் என்று அங்கே ஒப்பந்தமானது.

சொல் பகுதியும் சொல்லற்ற பகுதியும் பெரிதாக விலகினால் இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து ஒரே ஈவாக எழுதக்கூடாது. தனித்தனியாக எழுதி, பிள்ளையின் வீட்டுமொழி எது, கேள்வி கேட்ட மொழி எது, இடையில் யார் மொழிபெயர்த்தார்கள் என்பதையும் சேருங்கள். மறுபக்கமும் சொல்லியாக வேண்டும். பழக்கி, பொறுத்திருந்து, இரண்டு நாள் பார்த்தும் சொல்லற்ற சோதனையில் பிள்ளை மிகவும் பின்தங்கினால், வீட்டிலும் குளிப்பது, உடுத்துவது, கடைக்குப் போய் வருவது எல்லாம் வயதுக்கு வெகுவாகக் குறைந்திருந்தால், மொழியின் மீது பழி போட்டுத் தள்ளிப்போடாதீர்கள். அந்தப் பிள்ளைக்குச் சான்றிதழும் பயிற்சியும் ஒரு வருடம் தாமதமாவது நம் கருணையின் பெயரால் நடக்கும் அநியாயம்.

மறுசோதனைக்கு ஆறு மாதமாவது இடைவெளி விடுங்கள், முடிந்தால் ஒரு வருடம், அல்லது வேறு சோதனை.

மாவுக்கட்டு என்று பதில் சொன்ன அந்தத் தேவிகுளத்துப் பையனை நான் ஒரு வாரம் இடைவெளி விட்டு இரண்டு காலைகளில் பார்த்தேன். முதல் நாள் புளியங்கொட்டையும் ஃபார்ம் போர்டும் மட்டும். இரண்டாம் நாள் ரேவன். வண்ணப் படிவத்தின் கடைசிப் பக்கங்களில் அவன் விரல் நின்றுவிட்டது. படத்தின் மேல் வரிசையைத் தொட்டான், கீழ் வரிசையைத் தொட்டான், காற்றில் ஏதோ வரைந்து பார்த்துவிட்டுத் துண்டைத் தொட்டான். சரியான துண்டு. வயதுக்குரிய சராசரியில் வசதியாக இருந்தான்.

அம்மா கொழுந்து எடை போட்டுவிட்டு மூன்று மணிக்குத்தான் வந்தார். படங்குச் சாக்கு இன்னும் இடுப்பில் இருந்தது.

“டீச்சர், புள்ள மந்தமா?”

“இல்லம்மா. இங்க பாருங்க, இத அவன் எப்படிச் செஞ்சான்னு.” நான் எண்ணைச் சொல்லவில்லை. மூன்று நேரத்தையும் எழுதிய தாளைக் காட்டினேன். முதல் முறை இவ்வளவு, மூன்றாம் முறை இவ்வளவு என்று விரல் வைத்துச் சொன்னேன்.

“அப்ப ஏன் டீச்சர் படிக்க மாட்டேங்கிறான்?”

அதைக் கண்டுபிடிக்க அடுத்த சோதனை வேண்டும்: தமிழில் எழுத்து, தமிழில் வாசிப்பு, பிறகு மலையாளத்தில். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, சாப்பிட வைத்து, எட்டரை ஜீப்பில் கூட்டிவரச் சொல்லி அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.